காலடி காட்டும் பொருள்

அல்லிநகரத்து வயல்வெளியில் ஒற்றையடிப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். அதை எந்தப் பொறியாளரும் அளந்து போடவில்லை. நடந்தவர்களின் காலடிகளே அதை வகுத்தன. பாதை செல்லும் திசையைக் கொண்டே அப்பக்கம் கிணறோ கோயிலோ இருக்கக்கூடும் என ஊகிக்கிறோம் அல்லவா?

இணையப் பக்கங்களின் பொருளைக் கணிப்பொறி அறிவதற்கும் இம்முறை பயன்படுகிறது. ஒரு பக்கத்தில் 'திங்கள்' என்ற சொல் இருக்கிறது. அது நிலவா, கிழமையா, மாதமா? சொல்லை மட்டும் பார்த்தால் விளங்காது. ஆனால் அப்பக்கத்தைப் படித்தவர்கள் பலரும் அடுத்து கிரகணம் பற்றிய பக்கங்களை நாடினால், அது நிலவைப் பற்றியதாகவே இருக்கலாம்.

படிப்பவரின் செயலுக்கு மதிப்பளிக்கும் இந்த எண்ணம் கணிப்பொறிக்கு மூத்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வாசகர்கள் நூல் தட்டுகளிடையே தாமே உலவி, எடுத்துப் புரட்டிப் பார்க்க வழி செய்தார். 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதாகும்.

இனி ஒரு சிக்கலைக் காண்போம். கண்மட்டத்தில் உள்ள நூலையே கை முதலில் தொடும். தேடுபொறிப் பட்டியலிலும் முதலில் நிற்பதையே பலர் திறக்கின்றனர். அது சிறந்தது என்பதற்கு இது சான்றாகுமா? ஆகாது. வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை நீக்காமல் எடுத்த அளவைப் போன்றதே இது.

2002-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தார்ஸ்டன் ஜோவாக்கிம்ஸ் இதற்கு ஒரு வழி கூறினார். ஒருவர் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதைத் திறந்தால், அவர் அவ்விரண்டையும்விட மூன்றாவதை விரும்பினார் எனக் கொள்ளலாம். எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, எதைத் தாண்டி எதைத் திறந்தார்கள் என்பதே நம்பத்தக்க செய்தி.

எனினும் ஓர் அபாயம் எஞ்சுகிறது. பலர் திறந்தது மேலே ஏறும். மேலே ஏறியதைப் பின்னும் பலர் திறப்பர். தமிழில் எழுதப்பட்ட நல்ல அறிவியல் பக்கம் ஒன்று, யாரும் நடக்காத பாதை போலப் புல் மூடிப் போகலாம். அதற்குரிய வாசகர் எங்கோ அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நூலகம் செல்லும்போது கீழ்த்தட்டில் தூசி படிந்த நூல் ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். அதற்குரிய வாசகர் நீங்களாகவே இருக்கலாம்!