நீருக்குள் நிற்கும் மரங்கள்

மலையும் நீரும் கூடிய காட்சியைக் காண்பதற்கென்றே நாம் விடுமுறையில் புறப்படுகிறோம். அக்காட்சிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைப் புறப்படும்போது எண்ணுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் தேக்கடிக்குச் சென்ற எங்கள் குடும்பப் பயணமும் அவ்வாறே தொடங்கியது. நான், மனைவி, பத்து வயது மகள், எழுபதைக் கடந்த என் தந்தையார் ஆகிய நால்வரும் சென்றோம்.

தந்தையார் மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் வாழ்நாள் முழுதும் உழுதவர். எங்கள் வயல் பெரியாற்றுக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தைச் சேர்ந்தது. ‘பெரியாத்துத் தண்ணி எப்ப வருமாம்?’ என்னும் கேள்வியைத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் அந்தத் தண்ணீர் புறப்படும் இடத்தை அவர் அதுவரை கண்டதில்லை.

கம்பத்தையும் கூடலூரையும் கடந்து லோயர் கேம்ப்பை அடைந்தபோது, மலைச்சரிவில் மின்நிலையத்தை நோக்கி இறங்கும் நான்கு பெருங்குழாய்கள் தென்பட்டன. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கியவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் படகில் ஏறினோம். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அந்நினைவால் மகளின் மிதவை உடுப்பை இருமுறை இறுக்கிக் கட்டினேன். சற்றுத் தொலைவு சென்றதும் அவை தென்பட்டன. இலையும் கிளையும் அற்ற கரிய மரங்கள் நீருக்குள் ஆங்காங்கே நின்றன. சிலவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. ‘தாத்தா, மரமெல்லாம் ஏன் தண்ணிக்குள்ள நிக்குது?’ என்றாள் மகள். அவர் என்னைப் பார்த்தார்.

மரங்கள் நீருக்குள் போகவில்லை. நீர்தான் மரங்களிடம் வந்தது. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. அதனைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்னரே தோன்றிவிட்டது. இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியான முத்திருளப்ப பிள்ளை ஆளனுப்பி மலையை ஆராயச் செய்தார். பொருட்செலவால் அது கைகூடவில்லை. 1808-இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டார். 1876–78இல் தாது வருடப் பஞ்சம் வந்து மக்கள் கொத்துக்கொத்தாக மாண்ட பின்னரே அரசு முனைந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. நீரில் மூழ்கவிருந்த 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை. காட்டின் விலை அவ்வளவே.

1887-இல் தொடங்கிய பணி 1895-இல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு 155 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினர். அதன் வழியே வரும் நீர் வைரவனாற்றிலும் சுருளியாற்றிலும் இறங்கி வைகையைச் சேர்கிறது. நாங்கள் படகில் சென்ற ‘இயற்கை’ ஏரி அந்த அணையின் நிழல்தான்.

பொறியாளர் பென்னிகுக்கின் படம் கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் தொங்குகிறது. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்பது மக்கள் வழக்கு. ஆவணங்களில் தெரிவதோ அரசுச் செலவில் நடந்த பணி. வழக்கு பொய்யே ஆயினும் அதில் ஓர் உண்மை இருக்கிறது: நீர் பெற்றவன் நன்றி சொல்ல ஒரு முகத்தைத் தேடுகிறான். ஆனால் முகமில்லாதவர்களும் உண்டு. கட்டுமானக் காலத்தில் நோயால் மடிந்தோர் 483 பேர் என்பது பதிவு. அணையின் அருகிலேயே அவர்களுக்கு இடுகாடு இருக்கிறது. அங்கே சுற்றுலாப் பயணியருக்கு அனுமதியில்லை. படகும் அவ்வளவு தொலைவு செல்வதில்லை.

தமிழ்நாட்டில் ஏரி என்றாலே பெரும்பாலும் மனிதன் கரை எழுப்பியதுதான். ஏரி வெட்டியவன் பெயரையும் மதகு அமைத்தவன் பெயரையும் கல்லில் பொறித்து வைத்தது நம் மரபு. அம்மரபில் வந்த நமக்கு, மலைமேல் ஓர் ஏரியைக் கண்டதும் அது தானே உண்டானதென்று எப்படித் தோன்றிவிடுகிறது? அழகு, கேள்வி கேட்கும் பழக்கத்தை மறக்கச் செய்கிறது போலும்.

இன்று இந்நீரின் மட்டம் இரு மாநிலங்களின் வழக்கு. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும், மலைக்கு இப்பால் உழுவோரின் தேவையும் அந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியுள்ளன. இவற்றையெல்லாம் மகளுக்கு எளிதாகச் சொல்ல முயன்றேன். முழுதும் புரிந்திருக்காது. கேட்டுக்கொண்டிருந்த தந்தையார் படகிலிருந்து இறங்கும்போது சொன்னார்: ‘நம்ம வயக்காடு பச்சையா இருக்க, இம்புட்டு மரம் நின்னபடிக்கே செத்திருக்கு.’ வரலாற்று நூல்களில் இவ்வாறு எழுதப்பட்ட ஒரு வரியை நான் படித்ததில்லை.

அவ்வாண்டு கால்வாயில் தண்ணீர் திறந்தபோது ஊருக்குச் சென்றிருந்தோம். மடை வாயில் நுரைத்து வந்த கலங்கல் நீரில் காலை நனைத்தபடி மகள் கேட்டாள்: ‘தாத்தா, இது அந்த மரத்துக்கிட்ட இருந்து வர்ற தண்ணியா?’

‘ஆமா ஆத்தா’ என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்.