குடியிருப்பும் கடன்கொடுத்தோர் உரிமையும்: ஒரு சட்டவரலாற்று நோக்கு

பிணை எதுவும் பெறாது கடன் கொடுத்த ஒருவர், கடனாளியின் குடியிருப்பின் மீது பற்றுரிமை கோரலாமா? ஆங்கிலச் சட்டமரபின் விடை தெளிவானது: கடன் கொடுத்தமையால் மட்டும் அத்தகைய உரிமை தோன்றுவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்ற பின்னரே அவர் கடனாளியின் சொத்தை நாடலாம். ஆயின் அத்தீர்ப்பு எச்சொத்தைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்ற எல்லை காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் வேறுபட்டு வந்துள்ளது. அவ்வெல்லையை வரைந்தது சட்டத்தின் தருக்கமன்று. ஆட்சியிலிருந்த வர்க்கங்களின் நலனே என்பது பின்வரும் வரலாற்றால் விளங்கும்.

இங்கிலாந்தில், 1285ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ற்மின்ஸ்ரர் சட்டப்படி, தீர்ப்புப் பெற்றவர் கடனாளியின் நிலத்திற் பாதியைத் தம்வசம் வைத்து, கடன் தீரும்வரை அதன் வருவாயைப் பெறலாம். நிலத்தை விற்க இயலாது. கடனாளி இறந்துவிட்டால், சாதாரண ஒப்பந்தக் கடன் கொடுத்தோர் வாரிசின் கையிலுள்ள நிலத்தைத் தீண்டவும் முடியாதிருந்தது. வணிகரல்லாதாரின் நிலத்தைப் பொறுத்தவரை இந்நிலை 1833 வரை நீடித்தது. பிரபுத்துவக் குடும்பங்களின் நிலம் வணிகர் கையிற் சிக்காதவாறு அமைந்த அரண் இது.

இதே பாராளுமன்றமே 1732இல் அமெரிக்கக் குடியேற்றநாடுகளுக்கென முற்றிலும் மாறான சட்டமொன்றை இயற்றியது. யமேக்கா, வேர்ஜீனியா ஆகிய இடங்களின் தோட்டமுதலாளிகளுக்குக் கடன் கொடுத்திருந்த இலண்டன் வணிகரின் முறையீட்டின் விளைவு அது. குடியேற்றநாடுகளிலுள்ள வீடு, நிலம், அடிமைகள் ஆகிய அனைத்தும், அசையும் பொருள்களைப் போலவே, எவ்வகைக் கடனுக்காகவும் கைப்பற்றி விற்கத்தக்கவை என அது விதித்தது. உள்நாட்டில் நிலவுடைமையைப் பாதுகாத்த சட்டமன்றம், கடல்கடந்த நாடுகளில் வர்த்தக மூலதனத்தின் பக்கம் நின்றது. இச்சட்டம் கடனை எளிதாகக் கிடைக்கச் செய்தது என வாதிடுவோர் உளர், இருக்கலாம். ஆனால் அக்கடனுக்கு ஈடாக நின்றோர் யாவர்? தோட்டமுதலாளி பட்ட கடனுக்காக ஏலத்தில் ஏற்றப்பட்ட தாயிடமிருந்து பிள்ளை பிரிக்கப்பட்டது. வீட்டையும் மனிதரையும் ஒரே வாசகத்தில் அடக்கிய இச்சட்டத்தை வெறும் கடன்வசூல் ஏற்பாடாக வாசிப்பது தவறு. 1797இலேயே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமைகளை இதன் பிடியிலிருந்து நீக்கியது. அதற்குள் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிந்து போயிருந்தன.

எதிர்த்திசை இயக்கம் ரெக்சாசிலே தோன்றியது. அப்பகுதி மெக்சிக்கோவின்கீழ் இருந்தபோதே, 1829இல், அரசு வழங்கிய குடியேற்றக் காணிகள் பழைய கடன்களுக்காகப் பறிக்கப்படாதவாறு ஆணை பிறந்தது. அங்கு வந்தோருட் பலர் ஐக்கிய அமெரிக்காவிற் பட்ட கடனிலிருந்து தப்பியோடியவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1837இன் நிதி நெருக்கடி அவர்களின் தொகையைப் பெருக்கிற்று. தனிக் குடியரசாகிய ரெக்சாஸ், 1839 சனவரி 26இல் இயற்றிய சட்டத்தால் ஐம்பது ஏக்கர் காணி அல்லது ஒரு நகரக் காணித்துண்டு, ஐந்நூறு டொலருக்கு மேற்படாத வீடு முதலிய மேம்பாடுகளுடன், கடன்கொடுத்தோருக்கு எட்டாததாயிற்று. தொழிற்கருவிகள், ஐந்து கறவைப் பசுக்கள், ஓரிணை உழவெருது அல்லது ஒரு குதிரை, இருபது பன்றிகள், ஓராண்டுக்கான உணவு என்பனவும் விலக்களிக்கப்பட்டன. சிறு உற்பத்தியாளன் மீண்டும் உழைப்பைத் தொடங்க வேண்டியவை யாவை என எண்ணிப் பார்த்தே இப்பட்டியல் ஆக்கப்பட்டதெனலாம். 1845இன் அரசியலமைப்பு காணியளவை இருநூறு ஏக்கராக உயர்த்தியது; மனைவியின் சம்மதமின்றிக் கணவன் குடியிருப்பை விற்கலாகாது என்றும் விதித்தது.

எனினும் இதனை ஏழைகளின் வெற்றியென எளிதிற் கொண்டாடுவதற்கில்லை. அதே 1839இன் யூலையில் செறோக்கி மக்கள் கிழக்கு ரெக்சாசிலிருந்து படைகொண்டு விரட்டப்பட்டனர். குடியிருப்பின் காப்பு வெள்ளையருக்குரியதாயிற்று. அடிமைகளோ தொடர்ந்தும் கடனுக்காகக் கைப்பற்றத்தக்க உடைமையாகவே இருந்தனர்.

காப்பின் உறுதி மட்டும் ஐயத்துக்கிடமற்றது. பிணையற்ற கடனுக்குப் பெற்ற தீர்ப்பைப் பதிவு செய்தாலும், அது ரெக்சாசில் கடனாளியின் குடியிருப்பைப் பற்றுவதில்லை. வீட்டின் கொள்விலைக் கடன், வரி, கட்டட வேலைக்கான கடன் போன்ற சிலவே நெடுங்காலமாக விதிவிலக்காயிருந்தன. உரிமையாளர் தாமே விரும்பினாலும் தம் வீட்டின் மிகைப்பெறுமதியை ஈடுவைத்துப் பொதுவான செலவுகளுக்குக் கடன் பெற முடியவில்லை. 1997இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது. அப்போதும் வீட்டின் மீதான மொத்தக் கடன் அதன் பெறுமதியில் நூற்றுக்கு எண்பது வீதத்தைத் தாண்டலாகாது என வரம்பிடப்பட்டது.