யாரும் கதவைத் தட்டாத இரவுகளிலும் ஏன் நித்திரை வருவதில்லை?

அம்மா அதிகாலை இரண்டரைக்கு எழும்பிவிடுவார். முன்கதவின் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பார். ஜன்னல் திரைச்சீலையைக் கொஞ்சம் விலக்கி வீதியைப் பார்ப்பார். பிறகு குசினியில் கதிரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை இருப்பார். முகத்துவாரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் துறைமுகத்தின் சத்தம் இரவு முழுக்கக் கேட்கும். கொள்கலன் லொறிகள் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். இவை எதுவும் அவரை எழுப்புவதில்லை. ஆனால் வாசலில் யாருடையதாவது செருப்புச் சத்தம் கேட்டால் உடனே எழும்பிவிடுவார்.

"நீ படு பிள்ளை, நான் சும்மாதான் இருக்கிறன்" என்பதுதான் எப்போதும் அவருடைய பதில்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்து வெளியேறிய லட்சக்கணக்கானவர்களில் நாங்களும் இருந்தோம். மறுவருடம் கொழும்புக்கு வந்தோம். முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ், பிறகு முகத்துவாரத்தில் வாடகை வீடு. ஷெல் சத்தம் இல்லாத ஊர் என்று நம்பித்தான் வந்தோம். இங்கே இரவில் கதவு தட்டப்பட்டது. பொலிஸ் பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் அம்மா தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தார். 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அப்போது எங்களை யாரும் ஏற்றவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அம்மா இரவில் முழுமையாகப் படுத்ததாக எனக்கு நினைவில்லை.

அவருக்காகத்தான் இந்த விடயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, இரவு ஒரு மணிக்குத் தொலைபேசியும் கையுமாக இருக்கும் எனக்கும் அதே பெயர்தான் பொருந்தும் என்பது விளங்கியது.

எதை நித்திரையின்மை என்கிறார்கள்?

பரீட்சைக்கு முதல்நாளோ, செத்தவீடு நடந்த கிழமையோ நித்திரை வராமல் இருப்பது நோயல்ல. படுத்தால் நித்திரை வராமை, இடையில் விழித்தால் திரும்ப வராமை, விடியுமுன்பே எழும்பிவிடுதல் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று கிழமைக்குக் குறைந்தது மூன்று இரவு, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, பகல் வேலையையும் பாதித்தால்தான் அதை நாட்பட்ட நித்திரையின்மை என்கிறார்கள். இரவில் இரண்டு மூன்று தரம் கொஞ்சம் விழிப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். நித்திரை சுமார் ஒன்றரை மணித்தியாலச் சுற்றுகளாக வருவதால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது மெலிதாகிறது. மற்றவர்கள் விழித்ததை மறந்து திரும்பப் படுத்துவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

போர் முடிந்த கையோடு, 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. அதன்படி 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பு அறிகுறிகளும், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும், 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோயின் அறிகுறிகளும் இருந்தன. அப்போது முகாம்களில் இருந்தவர்களிடம் இவை முறையே 48.5, 41.8, 13 வீதம். இந்த மூன்றிலுமே நித்திரை குழம்புவது ஒரு முக்கிய அறிகுறி. இதற்கெல்லாம் முன்னரே, 1993 இல், தயா சோமசுந்தரம் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதினார். எங்களுக்கு என்ன நடக்கிறது என்பதற்கு எங்கள் மொழியிலேயே சொற்கள் இருந்தன. ஆனால் அவை வீடுகளுக்குள் வந்து சேரவில்லை. "அவவுக்கு நரம்புத் தளர்ச்சி" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டோம்.

தொடக்கியது வேறு, நீட்டிப்பது வேறு

நித்திரையைக் கொண்டுவருபவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் நித்திரைப் பசி. மற்றது, வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் உடலின் உள் மணிக்கூடு. இரண்டையும் மீறி எங்களை விழிக்கவைக்கக்கூடிய மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதுதான் ஆபத்துக்குக் காவல் இருக்கும் விழிப்பு. பங்கருக்குள் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பெற்றோர் முறைவைத்து விழித்திருந்த காலத்தில் அந்த விழிப்பு உயிரைக் காப்பாற்றியது. அது உடல் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரு வேலை. வேலை முடிந்துவிட்டது என்று உடலுக்கு யாரும் சொல்லவில்லை.

1987 இல் ஆதர் ஸ்பில்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு எளிய விளக்கத்தை முன்வைத்தார். நித்திரையின்மையைத் தொடக்கிவைக்கும் காரணமும் அதை வருடக்கணக்கில் நீட்டிக்கும் காரணமும் ஒன்றல்ல என்பதே அது. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். தொடக்கியது ஷெல்லடியாக, இடப்பெயர்வாக, கதவு தட்டிய இரவாக இருக்கலாம். அதை இனி மாற்ற முடியாது. நீட்டிப்பவை பிறகு நாங்கள் பழகிக்கொண்டவை: இரவு போன நித்திரையைப் பகலில் எடுப்பது, வராத நித்திரைக்காக எட்டு மணிக்கே பாயில் விழுவது, மணியைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போடுவது, இரவு ஒன்பதுக்கு ஒரு பிளேன்டீ, பக்கத்துவீட்டுக்காரர் தந்த குளிசை. இவற்றில் கைவைக்கலாம்.

இதைச் சொல்லும்போது ஒரு தயக்கமும் இருக்கிறது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்கும் தாய்மாருக்கு நடந்தது இன்னும் முடியவில்லை. அவர்களிடம் போய் "பழசை மறந்து படுங்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீழே வருபவை துயரத்தை ஆற்றும் வழிகள் அல்ல. அந்தத் துயரத்தோடு பகலில் நடமாட உடம்புக்கு நான்கைந்து மணித்தியாலம் ஓய்வு வாங்கிக்கொடுக்கும் வழிகள் மட்டுமே.

என்ன செய்யலாம்?

2016 இல் அமெரிக்க வைத்தியர்கள் கல்லூரி, நாட்பட்ட நித்திரையின்மை உள்ள வளர்ந்தோருக்கு முதலில் கொடுக்கவேண்டியது குளிசை அல்ல, அறிகை நடத்தைச் சிகிச்சை என்று பரிந்துரைத்தது. பெயர் பெரிது. உள்ளே இருப்பவை பெரும்பாலும் வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஆனால் அவை தனி அறையும் கட்டிலும் உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. முகத்துவாரத்தில் ஒரே அறையில் ஐந்துபேர் பாய் விரித்துப் படுக்கும் வீடுகளுக்குக் கொஞ்சம் மாற்றித்தான் எடுக்கவேண்டும்.

முதலில் பிடிக்கவேண்டியது எழும்பும் நேரத்தை, படுக்கும் நேரத்தை அல்ல. இரவு எப்படிப் போனாலும், ஞாயிறானாலும், ஒரே நேரத்துக்கு எழும்பி அரை மணித்தியாலத்துக்குள் வெளிச்சத்துக்குப் போகவேண்டும். வாசற்படியில் இருந்தாலும் போதும். அம்மாவுக்கு நாங்கள் ஐந்தரை என்று வைத்தோம். பகல் படுக்கையை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது. தவிர்க்கவே முடியாதென்றால் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடம்.

இரண்டாவது, 1972 இல் ரிச்சர்ட் பூட்சின் எழுதிய முறை. படுக்கையில் விழித்துக்கொண்டு கிடந்தால், படுக்கை என்பது விழித்திருக்கும் இடம் என்று மூளை படித்துக்கொள்கிறது. ஆகவே நித்திரை கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுப்பது. இருபது நிமிடம் போலத் தோன்றியும் வராவிட்டால் எழும்பி வேறிடத்தில் இருந்து, மங்கலான வெளிச்சத்தில் அலுப்பான ஏதாவது செய்து, நித்திரை வந்ததும் திரும்பப் போவது. வேறு அறை இல்லாதவர்கள் என்ன செய்வது? பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து இருக்கலாம். பகலில் அந்தப் பாயில் இருந்து மரக்கறி வெட்டாமல், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காமல் விடுவதும் உதவும். மணிக்கூட்டைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

அம்மா குசினிக் கதிரையில் இருந்ததும் இதுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். வித்தியாசம், அவர் அங்கே காவலுக்கு இருந்தார். இப்போது எழும்பினால் கடலை கோது உடைக்கிறார், அல்லது பழைய துணி தைக்கிறார். கதவுச் சங்கிலியை நிறுத்தச் சொல்லவில்லை. இரவு பத்துக்கு வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு தரம் பூட்டி, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்கிறோம். இரவில் எழும்பினால் திரும்பப் பார்ப்பதில்லை என்பதுதான் ஒப்பந்தம். முதல் மூன்று கிழமை அவர் அதை மீறிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது முறையை வைத்தியரின் அல்லது உளவளத்துணையாளரின் வழிகாட்டலோடு செய்வது நல்லது. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் படுத்த நேரம், எழும்பிய நேரம், உண்மையில் நித்திரைகொண்டதாக நினைக்கும் நேரம் ஆகியவற்றை எழுதவேண்டும். எட்டரை மணித்தியாலம் படுத்து ஐந்தரை மணித்தியாலம்தான் நித்திரை என்றால், படுக்கையில் கழிக்கும் நேரத்தையும் ஐந்தரையாகக் குறைக்கவேண்டும். ஐந்துக்குக் கீழே போகக்கூடாது. படுத்த நேரத்தில் 85 வீதம் நித்திரை என்றானதும் கால் மணித்தியாலமாகக் கூட்டலாம். முதல் கிழமைகளில் பகலில் கண் செருகும். வலிப்பு நோயோ இருதுருவ மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது. ஆட்டோ ஓட்டுபவர்கள், படகில் போகிறவர்கள், துறைமுகத்தில் இயந்திரம் இயக்குபவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் முயலவேண்டாம்.

தேநீரைப் பற்றியும் சொல்லவேண்டும். கஃபீன் நித்திரைப் பசியை உணரவிடாமல் மறைக்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் நான்கு மணித் தேநீரில் பாதி ஒன்பது மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. இரண்டு மணிக்குப் பின் மல்லித் தண்ணிக்கு மாறினோம். சாராயம் வேறு கதை. அது படுக்கவைக்கும், ஆனால் பின்னிரவில் நித்திரையை உடைத்துவிடும். கனவுகளும் மோசமாகும். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கிய ஆண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். லண்டனில் கோடைகாலத்து இரவு பத்து மணி என்றால் இங்கே அதிகாலை இரண்டரை. அந்த நேரத்தில் அடிக்கும் தொலைபேசி எங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்த வழக்கமில்லை.

திரும்பத் திரும்ப வரும் கனவு

ஒரே கனவு கிழமைக்கு இரண்டு மூன்று தரம் வருமென்றால், அதற்கும் சிகிச்சை உண்டு. பகல் வேளையில் அந்தக் கனவை எழுதி, அதன் ஓட்டத்தை விரும்பியபடி மாற்றி, மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. 2001 இல் பாலியல் வன்முறையில் தப்பிய பெண்களிடையே இதைப் பரி க்ராகோ குழுவினர் சோதித்தபோது கெட்ட கனவுகள் குறைந்தன, நித்திரையும் முன்னேறியது. மிகக் கொடுமையான கனவில் தனியாக இதைத் தொடங்கவேண்டாம். உளவளத்துணையாளர் ஒருவர் கூட இருக்கட்டும்.

கனவிலிருந்து திடுக்கிட்டு எழும்பினால், உடனே லைட்டைப் போட்டு நடந்ததை யோசிக்காமல், காலைச் சீமெந்துத் தரையில் வைத்து அதன் குளிரை உணருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். இன்றைய திகதியையும் இருக்கும் ஊரின் பெயரையும் சொல்லுங்கள். பக்கத்தில் படுப்பவர்கள் உலுக்கி எழுப்பாமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது இருவருக்கும் பாதுகாப்பு. இருட்டுக்குப் பயம் என்றால் சின்ன விளக்கு எரியட்டும். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு கொச்சிக்கடையைச் சுற்றியுள்ள வீடுகளில் பிள்ளைகள் பலர் விளக்கை அணைக்கவிடவில்லை. அது பிடிவாதமல்ல.

குளிசையும் வைத்தியரும்

அம்மா நான்கு வருடம் ஒரு குளிசை எடுத்தார். ஒரு மருந்துக்கடையில் துண்டில்லாமலே கொடுத்தார்கள். டயசிபாம் வகைக் குளிசைகள் சில நாட்களுக்கு உதவும். கிழமைக்கணக்கில் எடுத்தால் உடம்பு பழகிவிடும். வயதானவர்களை விழுத்தும், ஞாபகத்தைக் குழப்பும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நித்திரை முன்பைவிட மோசமாகும், வலிப்பும் வரக்கூடும். வைத்தியரோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும்.

பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறுதல், பகலில் இருந்தபடியே தூங்கிவிழுதல் என்றால் அது மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். அதற்கு மேலே சொன்ன வழிகள் போதாது, நித்திரைக் குளிசை ஆபத்தாகவும் முடியலாம். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழும்புவது நீரிழிவாலும், இரவு வியர்வை மாதவிடாய் நிற்கும் பருவத்தாலும் வரலாம். வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் வந்தால் மூன்று மாதம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. பணம் கட்டத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணை வழங்குகிறது. "அங்கொடைக்கா கூட்டிக்கொண்டு போறாய்?" என்று அம்மா முதலில் அழுதார். வெளிநோயாளர் பிரிவில், பிரஷர் கிளினிக்குக்குப் போவதுபோலத்தான் போய்வந்தோம். போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. வைத்தியரின் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருந்தது.

இப்போது ஏழு மாதம். குளிசை பாதியாகக் குறைந்திருக்கிறது. பதினொன்றுக்குப் படுத்து நான்கரை வரை நித்திரைகொள்கிறார், கிழமையில் நாலு நாளாவது. டிசம்பர் 31 நள்ளிரவில் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் ஒன்றாகச் சங்கு ஊத, ஒழுங்கை முழுக்கப் பட்டாசு வெடித்தபோது, முன்கூட்டியே பேசி வைத்தபடி இருவரும் குசினியில் இருந்தோம். ஒரு மணிக்கு அம்மா திரும்பப் படுத்தார். எனக்குத்தான் விடியும்வரை நித்திரை வரவில்லை.