உடற்குறையுள்ளோருக்கான 2030 பெருந்திட்டம்: என்னதான் மாறுது?

பச்சை மனிதன் ஒளிரும் அந்தச் சில விநாடிகள் நமக்குப் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு?

அதற்குத்தான் 'கிரீன் மேன் பிளஸ்'. சாலையோரக் கருவியில் சலுகை அட்டையைத் தட்டினால் 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

இதுபோன்ற வசதிகளைத் திட்டமிட்டுச் செய்யத்தான் பெருந்திட்டம்.

எப்போது தொடங்கியது?

சிங்கப்பூரின் முதல் பெருந்திட்டம் 2007இல் வந்தது. 2022இல் அறிவிக்கப்பட்ட இப்போதைய திட்டம் நான்காவது.

முக்கிய இலக்கு?

வேலை! 15 முதல் 64 வயதுக்குட்பட்ட உடற்குறையுள்ள சிங்கப்பூர்வாசிகளில் 40 விழுக்காட்டினர் 2030க்குள் வேலையில் இருக்கவேண்டும்.

இதுவரை என்ன நடந்திருக்கு?

* 2020 இறுதியிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளிலும் சக்கர நாற்காலியுடன் ஏறலாம்.
* 2023இல் தெம்பனிஸில் ஒரு சேவை நடுவம் திறக்கப்பட்டது. வீட்டுக்குப் பக்கத்திலேயே நடவடிக்கைகளில் கலந்துகொள்ளலாம். பராமரிப்பாளருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

சரி, நாம என்ன செய்யலாம்?

பேருந்தில் ஏற முடிந்தால்தான் வேலைக்குப் போக முடியும். ஓட்டுநர் இறங்கிச் சரிவுப் பலகையை விரிக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்காதீங்க. அந்த ஒரு நிமிஷத்தை அரசாங்கம் தர முடியாது, நாமதான் தரணும்.