ஊரூட்டம்பலம் பள்ளி: ஆணையும் சேர்க்கையும்

திருவிதாங்கூரில் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டுமென இராணி கௌரி பார்வதிபாய் 1817இல் ஆணையிட்டார். கேரளக் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இவ்வாணையிலிருந்தே தொடங்குவர். ஆயினும், அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் புலையர் குழந்தைகள் அரசுப் பள்ளிக்கு வெளியிலேயே நின்றனர் என்பது போதிய அழுத்தம் பெறுவதில்லை.

1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அய்யன்காளி பள்ளிச் சேர்க்கையை முதன்மைக் கோரிக்கையாக்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கப்படாவிடில் வயலில் இறங்குவதில்லை என உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கல்வியுரிமைக்காக நிகழ்ந்த வேளாண் வேலைநிறுத்தம் என்ற வகையில் இது தனித்து ஆராயத்தக்கது.

அரசு அனுமதி ஆணை பிறப்பித்தது. பள்ளிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1914இல் நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியை அய்யன்காளி அழைத்துச் சென்றார். அவள் அமர்ந்ததும் மேல்சாதிப் பிள்ளைகள் வெளியேறினர், பள்ளி தீக்கிரையாயிற்று, கலகம் அண்டை ஊர்களுக்கும் பரவியது. ஆகவே, அக்காலப் பள்ளிகளைச் சேர்க்கை எண்ணிக்கை ஒன்றை மட்டும் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. ஒரு குழந்தை உள்ளே வந்தமையால் எத்தனை குழந்தைகள் நிறுத்தப்பட்டனர் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

அத்தீயில் எஞ்சிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் காக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன.