மெம்னோன் ஆன அமென்ஹோடெப்

எகிப்தின் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், வயல்வெளி முடிந்து பாலை தொடங்கும் எல்லையருகே ஏறத்தாழ 18 மீட்டர் உயரமுள்ள இரு கற்சிலைகள் அமர்ந்திருக்கின்றன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோடெப் தன் நினைவுக் கோயிலின் முகப்பில் நிறுவிய தன் உருவங்கள் அவை. ஆயினும் இன்றைய சுற்றுலாப் பயணி அவற்றை 'மெம்னோன் சிலைகள்' என்றே அறிகிறார். இப்பெயரை வழங்கியோரும் பயணிகளே.

கி.மு. 27 அளவில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் நிலநடுக்கத்தில் வடபுறச் சிலையின் மேற்பகுதி சரிந்தது. அதன்பின் விடியற்காலைகளில் எஞ்சிய கல்லிலிருந்து ஓர் ஓசை எழலாயிற்று. இரவின் குளிரும் ஈரமும் கதிரவனின் வெப்பத்தால் நீங்குகையில் விரிசலுற்ற கல் ஒலித்திருக்கக்கூடும் என்பது இன்றைய பொதுவான விளக்கம். கிரேக்கரோ, ட்ராய்ப் போரில் மாண்ட மெம்னோன் தன் தாயாகிய விடியல் தேவிக்கு எழுப்பும் குரல் அது என்று கொண்டனர்.

அவ்வோசையை நேரில் கேட்ட புவியியலறிஞர் ஸ்ட்ராபோ, அது கல்லின் ஒலியா, அருகில் நின்றோர் செய்ததா என ஐயுற்றார். பின்வந்தோர் ஐயுறவில்லை. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் அவர்கள் பொறித்த 107 கல்வெட்டுகள் அச்சிலையில் உள்ளன. படைத்தலைவர், ஆளுநர் எனப் பலரும் தாம் குரலைக் கேட்ட செய்தியைப் பதிந்தனர். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியனுடன் வந்த கவிஞர் ஜூலியா பல்பில்லா நான்கு பாடல்களைப் பொறிப்பித்தார்.

அப்பாடல்களுள் ஒன்று, எகிப்தியக் குருமார் இவ்வரசனை அமெனோத் என்று அழைப்பதைக் குறிப்பிடுகிறது. அதே நூற்றாண்டில் பௌசானியாஸும், தீப்ஸ் மக்கள் இதனை மெம்னோன் என்று ஏற்பதில்லை என எழுதினார். ஆக, உள்ளூர் மக்களின் மறுப்பு பயணிகளின் செவிக்கு எட்டியிருந்தது, பெயர்தான் மாறவில்லை. மாறாக, அது பரவியது. அண்மையிலுள்ள அரசர் பள்ளத்தாக்கில் ஆறாம் ராம்சேஸின் கல்லறையும் மெம்னோனுடையதாயிற்று. அவருக்கும் அமென்ஹோடெப்புக்கும் அரியணைப் பெயர் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அக்கல்லறைச் சுவர்களில் மட்டும் பண்டைய பயணிகளின் கீறல்கள் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன.

இக்கல்வெட்டுகள் அமென்ஹோடெப்பைப் பற்றி நமக்குக் கூறுவது மிகக் குறைவு. பாலையின் விளிம்புவரை பயணம் செய்யவும், வேற்று நாட்டரசனின் உருவில் தம் பெயரைப் பொறிக்கவும் யாரால் இயன்றது என்பதற்கே அவை முதன்மைச் சான்றுகள். எழுதும் வாய்ப்புப் பெற்றவரின் நம்பிக்கை வரலாறாக நிலைத்தது. மண்ணின் மக்கள் கூறிய உண்மையோ, அந்த அந்நியர் மொழியில் ஓரிரு வரிகளாகவே அச்சிலையில் எஞ்சியது. தொல்லிடங்களின் பெயர்ப்பலகைகளைப் படிக்கும் வரலாற்று மாணவர், அப்பெயரைச் சூட்டியவர் யார், அதை மறுத்தவர் யார் என்ற இரு வினாக்களையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும்.