தொலைபேசிக் குழலும் ஈயக் கல்லும்

1930ஆம் ஆண்டுகளிலே, நடுத்தரக் குடும்பமொன்று தன் வாழ்நாளில் வாங்கிய விலையுயர்ந்த பொருள்களுள் வானொலிப் பெட்டியும் ஒன்றாக விளங்கியது. மெருகிட்ட மரப் பேழையும், அதனுள்ளே செந்தணலாய் ஒளிரும் வாயிற்குழாய்களும், முகப்பிலே ஊர்ப்பெயர்கள் பொறித்த கண்ணாடித் தட்டும் கொண்ட அப்பெட்டி, முன்னறையிலே தனக்கென ஓர் ஆசனம் பெற்றிருந்தது. வசதி படைத்தோர் இசைத்தட்டுச் சுழலியும் வானொலியும் ஒரே பேழையில் அமைந்த றேடியோகிராமை வாங்கினர். ஏனையோர் மாதந்தோறும் தவணை கட்டிச் சிறு பெட்டியொன்றைத் தமதாக்கினர். தவணை கட்டி முடிவதற்குள் அப்பெட்டியைப் பகைவன் கையில் ஒப்படைக்கும் நாளொன்று வருமென்று அவர்களுள் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளில் அந்த நாள் வந்தது.

ஜேர்சி, கேர்ன்சி, ஒல்டர்னி, சார்க் முதலிய இத்தீவுகள் பிரித்தானிய முடிக்கு உரியன. ஆயினும் பிரான்சின் கரைக்கே அணித்தாய்க் கிடப்பன. ஜேர்சியிலிருந்து பிரெஞ்சுக் கரை ஏறக்குறைய 14 மைல் தூரமேயாகும். 1940 யூன் மாதத்திற் பிரான்சு வீழ்ந்ததும், இத்தீவுகளைக் காத்தல் இயலாதெனக் கண்ட இலண்டன் அரசாங்கம் அங்கிருந்த படைகளை விலக்கிக் கொண்டது. கேர்ன்சியிலிருந்து 17,000 பேரளவினரும் ஜேர்சியிலிருந்து 6,600 பேரளவினரும் கப்பலேறி இங்கிலாந்து சென்றனர். கேர்ன்சிப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பெற்றோரைப் பிரிந்து ஆசிரியரோடு சென்றனர். யூன் 28ஆம் நாள் துறைமுகத்திலே தக்காளிப்பழம் ஏற்றி நின்ற லொறிகளைப் படைவண்டிகளென மயங்கி ஜேர்மன் விமானங்கள் குண்டு வீசின. அன்று இரு தீவுகளிலுமாக நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு நாட் கழித்து ஜேர்மன் படை கேர்ன்சியில் இறங்கியது; மறுநாள் ஜேர்சியும் அதன் வசமாயிற்று.

தொடக்கத்தில் வானொலிப் பெட்டிகளை ஜேர்மனியர் தொடவில்லை. 1940ஆம் ஆண்டின் இறுதியில், இரகசியமாக வந்திறங்கிய பிரித்தானிய அதிகாரிகளுக்கு மறைவிடம் அளித்தமைக்குத் தண்டனையாகக் கேர்ன்சி மக்களின் பெட்டிகளைப் பறித்துச் சில வாரங்களில் மீளக் கொடுத்தனர். அதன் பின்னர் ஒன்றரையாண்டுக் காலம் மக்கள் இலண்டன் செய்தியைத் தம் வீட்டிலிருந்தே கேட்டனர். இங்கிலாந்து சென்ற பிள்ளையிடமிருந்து வரக்கூடியது செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக மாதக்கணக்கிற் சுற்றி வரும் இருபத்தைந்து சொற் செய்தி ஒன்றே. இந்நிலையில், அந்தப் பிள்ளை வாழும் நாட்டிலிருந்து மணியோசையோடு நாள்தோறும் எழும் அந்தக் குரல் வெறுஞ் செய்தியன்று. பிள்ளை கேட்கும் அதே மணியைத் தாயுங் கேட்டாள்.

1942 யூன் மாதத்தில் இரு தீவுகளிலும் ஆணை பிறந்தது. எல்லா வானொலிப் பெட்டிகளையும் ஒப்படைத்தல் வேண்டும்; படைத்தேவை கருதியே இது செய்யப்படுகிறது; தண்டனையன்று என்றனர். நிலப்போர் பற்றிய ஹேக் உடன்படிக்கையைச் சுட்டி ஜேர்சியின் தலைவரான பெயிலிவ் அலெக்சாந்தர் கூட்டான்சே மறுப்புத் தெரிவித்தார், பயனில்லை. அதே ஊரில் ஹேபேட் கலிச்சன் என்பவர், இந்தப் பறிமுதல் சட்டத்துக்கு முரணானது, பெட்டிகளைக் கொடாதீர் எனத் துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டுப் பரப்பினார். எழுதியவரைக் காட்டும் வரை பிணையாக ஊர்ப் பிரமுகர் பதின்மரை ஜேர்மனியர் சிறைப்பிடித்தனர். தம்பொருட்டுப் பிறர் வருந்துதல் தகாதென்று ஹேபேட்டும் அவருடைய சகோதரர் ஜோர்ஜும் தாமே சென்று சரணடைந்தனர். இருவரும் கடல் கடந்த சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர்.

பெரும்பாலோர் பெட்டிகளைக் கொண்டு சென்று கொடுத்தனர். கொடாதவரும் இருந்தனர், பழையதைக் கொடுத்துப் புதியதை ஒளித்தவரும் இருந்தனர். தளப்பலகைக்குக் கீழும், புகைபோக்கியின் உள்ளும், வைக்கோற் போரிலும், தோட்டத்து மண்ணிலும் பெட்டிகள் மறைந்தன. இவை யாவற்றிலும் ஒரு குறை இருந்தது. வாயிற்குழாய்ப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். குழாய் பழுதுற்றால் மாற்றுக்குழாய் வேண்டும். மாற்றுக்குழாய் கேட்டுக் கடைக்குச் செல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். பேழையோ பெரிது. தேடுவோன் கண்ணுக்கு அது தப்புதல் அரிது.

இங்கேதான் தீவு மக்கள், முன்னரே பெரும்பாலோர் கைவிட்ட பழைய கருவியொன்றைத் திரும்ப எடுத்தனர். அது படிகப் பெட்டி. அதன் அமைப்பு மிக எளியது. அட்டைக் குழல் ஒன்றின் மீது நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பி. உயரத்திற் கட்டிய நெடுங்கம்பி ஒன்று. மண்ணுக்குச் செல்லும் கம்பி மற்றொன்று. நடுவே, ஈயமும் கந்தகமும் சேர்ந்த கருநிறப் பளபளப்புக் கல் ஒரு துண்டு. அக்கல்லின் முகத்தை நுண்ணிய கம்பி முனையொன்று பூனை மீசைபோல மெல்லத் தொட்டு நிற்கும். கல்லின் எல்லா இடமும் வேலை செய்யாது. நல்ல புள்ளி ஒன்று அகப்படும் வரை முனையை நகர்த்தி நகர்த்திப் பொறுமையோடு தேடல் வேண்டும். அது அகப்பட்டதும் இரு திசையும் ஊசலாடும் மின்னோட்டத்தை அக்கல் ஒரு திசைக்கு மட்டும் வழிவிடுகிறது. காதிற் பிடித்த குழலில் மனிதக் குரல் எழுகிறது. மின்கலம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தொலைவிலுள்ள நிலையம் வானில் வீசும் ஆற்றலே அக்குரலை எழுப்பப் போதுமானது.

பழம்பொறிகளின் உறுப்புகளைக் கொண்டு வானொலி சமைத்தல் இலங்கைக்கும் புதிதன்று. 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே கொழும்பு மத்திய தந்தி நிலையத்திற் சிறு அறையொன்றிலிருந்து, எட்வேட் ஹாப்பரின் மேற்பார்வையில், முதன்முதலாக இசைத்தட்டுப் பாடல்கள் ஒலிபரப்பப்பட்டன. அதற்கான கருவியைத் தந்தித் திணைக்களத்தினர் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஆக்கினர் என்பது ஒலிபரப்பு வரலாற்றில் விருப்போடு சொல்லப்படும் செய்தி. கொழும்பிலே ஒலியை வீசுவதற்குச் செய்ததைக் கால்வாய்த் தீவினர் ஒலியைப் பிடிப்பதற்குச் செய்தனர்.

கம்பியும் அட்டையும் கிடைத்தன. கல்லையும் தேடிப் பெறலாம்; ஈயத்தையும் கந்தகத்தையும் சேர்த்துக் காய்ச்சி அதனை ஆக்கவும் முடியும். காதுக்குழல்தான் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அதற்கு ஊரார் கண்ட வழி தெருவோரத்துத் தொலைபேசிக் கூண்டு. கூண்டினுள் நுழைந்தவர் பேசுவதாகப் பாவனை செய்து, கேட்குங் குழலின் உட்பகுதியைக் கழற்றிப் பையில் இட்டு வெளியேறினர். பொதுத் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின. பொதுச் சொத்தைத் திருடுதல் எந்நாளிலும் குற்றமே. எனினும் அந்நாளில் அதனைக் குற்றமெனப் பேசியவர் அதிகம் பேர் இருந்ததாகத் தெரியவில்லை. நெருப்புப் பெட்டியிலும் புகையிலைத் தகரத்திலும் அடங்கிய படிகப் பெட்டிகள் இன்றும் அத்தீவுகளின் நூதனசாலைகளிற் காணக் கிடக்கின்றன.

அக்காலத்தில் எல்லாம் பண்டமாற்றாகவே நடந்தது. கடைகள் வெறுமையாயின, பணத்துக்குப் பெறுமதி குறைந்தது. செய்தித்தாள்களின் சிறு விளம்பரங்களில் ஒருவர் சப்பாத்தைக் கொடுத்து முயல் கேட்டார். இன்னொருவர் சைக்கிளைக் கொடுத்து வேறொன்று கேட்டார். முள்ளங்கொடி இலையைக் காயவைத்துத் தேநீரென்று குடித்தனர். வேரைக் கருக்கி இடித்துக் கோப்பியென்றனர். கடல் நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். வீட்டிலிருந்த நல்ல பொருள்கள் ஒவ்வொன்றாக உணவாக மாறின. படிகப் பெட்டி மட்டும் விளம்பரத்துக்கு வராத பண்டம். கைதேர்ந்த வினைஞர் அதனை இரவிற் செய்தனர், நம்பிக்கைக்குரியோர் கைமாற்றினர். விற்றவர் யாரென வாங்கியவர் சொல்வதில்லை. 1942 செப்தெம்பர் முதலாக ஏறக்குறைய 2,200 பேர் குடும்பங்களோடு ஜேர்மனிய முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, பூட்டிய வீடுகளில் எஞ்சிய தட்டுமுட்டுப் பொருள்கள் எவர் எவர் கைக்கோ போய்ச் சேர்ந்தன.

செய்தியைக் கேட்பதிலும் அதனைப் பரப்புவதிலே ஆபத்து அதிகம். கேர்ன்சியில் அச்சுக்கோக்கும் பொறியிற் பணியாற்றிய சாள்ஸ் மச்சோன் என்பவர், பத்திரிகையாளரான பிராங் பல்லா, ஜோசெப் கிலிங்காம் ஆகியோருடனும் வேறு இருவருடனும் சேர்ந்து, 1942 முதல் நாள்தோறும் இலண்டன் செய்தியைத் தட்டச்சிட்டு வெளியிட்டார். தக்காளிப் பெட்டிகளுக்கு இடும் மெல்லிய தாளே அதற்குப் பயன்பட்டது. நெருப்பில் இட்டால் நொடியில் எரிந்துவிடும் தாள் அது. 1944 பெப்ரவரியில் ஒருவன் காட்டிக் கொடுத்தான். மச்சோன் ஜேர்மனியின் ஹாமெல்ன் நகரில் அதே ஆண்டு மாண்டார். கிலிங்காம் 1945இல் ஹாலே நகரச் சிறையில் உயிர்விட்டார். பல்லாவும் மற்றிருவரும் மீண்டனர்.

ஜேர்சியில் சென் சேவியர் என்ற பங்கிலே இதனை ஒத்த நிகழ்ச்சி நடந்தது. இடுகாட்டுப் பணியாளரான ஜோசெப் ரியர்னி, ஜோன் நிக்கொல் என்ற குடியானவர், முதிய குருவான கனன் கிளிபோட் கோகு ஆகியோர் மறைத்து வைத்த பெட்டியொன்றின் செய்தியைத் தம்முள் பகிர்ந்தனர். கோகு அதனை மருத்துவமனை நோயாளரிடமும் சொன்னார். நோயாளிக்கு மருந்தினும் செய்தி உதவுமென்று அவர் எண்ணினார் போலும்; அடக்கமாகச் சொல்லும் இயல்பும் அவருக்கு இல்லை. 1943இல் அனைவரும் பிடிபட்டனர். புதைத்து வைத்த பெட்டியைத் தோண்டி எடுத்துக் கொடுத்ததற்காக ஆதர் டிமெரி என்பவரும் தண்டிக்கப்பட்டார். இந்நால்வருள் ஒருவரேனும் உயிரோடு திரும்பவில்லை. கோகு 1944 செப்தெம்பரிலே சோஷென் முகாமில் இறந்தார்.

சென் உவான் பங்கில் சிறு பலசரக்குக் கடை நடத்திய லூயிசா கூல்ட் என்னும் விதவையின் கதையும் இதனோடு சேர்ந்தது. அவருடைய மகனொருவன் கடற்படையில் மாண்டான். ஜேர்மனியரிடமிருந்து தப்பிய இரஷ்யக் கைதியொருவனை, வேறொரு தாயின் பிள்ளையெனக் கருதித் தம் வீட்டிற் பல மாதம் வைத்துக் காத்தார். 1944இற் சோதனை நடந்தபோது வீட்டில் வானொலிப் பெட்டியும் அகப்பட்டது. அவர் இராவென்ஸ்புறுக் முகாமில் 1945 பெப்ரவரியிற் கொல்லப்பட்டார். வானொலி கேட்ட குற்றத்துக்காகப் பிடிபட்ட அவருடைய சகோதரர் ஹரோல்ட் லே துறுயில்னெக், பெல்சன் முகாமிலிருந்து உயிரோடு மீண்டார்.

இச்சோதனைகளுட் பல, அயலார் எழுதிய பெயரில்லாக் கடிதங்களால் நேர்ந்தன. பழைய வேலிச் சண்டையும் பொறாமையும் அந்தக் கடிதங்களிலே தீர்த்துக் கொள்ளப்பட்டன. படைத் தலைமையகத்துக்கு முகவரியிட்ட இத்தகைய கடிதங்களைத் தபாற் கந்தோர் ஊழியர் சிலர் பிரித்துப் பார்த்து, சிலவற்றை அழித்தனர். சிலவற்றைத் தாமதித்து, உரியவருக்கு முன்னறிவித்தனர். அந்த ஊழியர்களால் எத்தனை வீடுகள் தப்பின என்பதற்குக் கணக்கில்லை. மறுபுறத்திலே, ஜேர்மன் படைவீரர் சிலரும் தம் மேலதிகாரிக்கு மறைத்து அதே இலண்டன் செய்தியைக் கேட்டனர்.

1944 யூனில் நேசப்படை நோர்மண்டியில் இறங்கியது, தீவுகள் மீட்கப்படவில்லை. பிரான்சிலிருந்து வந்த உணவு நின்றது. காவலரும் கைதியரும் ஒருங்கே பட்டினியாயினர். செஞ்சிலுவைச் சங்கத்தின் வேகா என்னும் கப்பல் டிசெம்பர் 27ஆம் நாள் கேர்ன்சியை அடைந்தது. சில நாட்களில் ஜேர்சிக்கும் வந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட உணவுப் பொதிகளை அது கொணர்ந்தது. நியூசிலாந்துப் பொதியினுள்ளே மெய்யான தேயிலை இருந்தது. அதன் பின்னர் மின்சாரமும் அற்றது. மறைத்து வைத்த பேழைகள் யாவும் வெறும் மரமாயின. ஈயக் கல்லும் தொலைபேசிக் குழலும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. பீங்கான் கிண்ணமொன்றினுள் குழலை வைத்தால் ஓசை சற்றுப் பெருகும். இருட்டிலே குடும்பத்தார் அதைச் சூழத் தலை குனிந்து இருப்பர்.

1945 மே 8ஆம் நாள் பிற்பகல் மூன்று மணிக்குச் சேர்ச்சில் பேசினார். கால்வாய்த் தீவுகளும் அன்றே விடுதலை பெறும் என்பது அப்பேச்சில் வந்த ஒரு வாக்கியம். ஜேர்சியின் றோயல் சதுக்கத்திலே ஒலிபெருக்கிகளின் கீழ் மக்கள் திரண்டு நின்று அதனைக் கேட்டனர். மூன்று ஆண்டுகளாக ஒளித்திருந்த பெட்டிகள் சன்னலோரம் வந்தன. மறுநாட் பிரித்தானியப் படை இறங்கியது.

பெட்டியை இழந்தவர் வேறு பெட்டி வாங்கிக் கொண்டனர். ஏனைய இழப்புக்குக் கணக்கு எழுதப் பல ஆண்டு சென்றது. நாசிக் கொடுமைக்கு உட்பட்ட பிரித்தானியக் குடிகளுக்கு இழப்பீடு தருவதாக 1964இல் மேற்கு ஜேர்மனி உடன்பட்டபோது, கேர்ன்சியின் பிராங் பல்லா தம்மோடு சிறையிருந்தோரையும் மாண்டோர் குடும்பங்களையும் தேடி, விண்ணப்பம் எழுத உதவினார். 1996இல் சென் ஹீலியர் துறைமுகத்தருகே, நாசிச் சிறைகளில் மாண்ட ஜேர்சி மக்கள் இருபதின்மருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. கோகு, ரியர்னி, நிக்கொல், டிமெரி, லூயிசா கூல்ட் ஆகியோரின் பெயர்கள் அதிலே உள்ளன.